ரேகை அறிந்து இணைத்தல்

மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதையும், கோடையில் அதே கதவு எளிதாக மூடித் திறப்பதையும் வீடுதோறும் காணலாம். கதவைச் செய்த தச்சரைக் குறை கூறுவோர் பலர். உண்மையில் அது மரத்தின் இயல்பேயாகும். வெட்டுண்டு, அறுபட்டு, மெருகு பூசப்பெற்ற பின்னரும் மரம் காற்றின் ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கும். ஏற்கும்போது விரியும், விடும்போது சுருங்கும்.

இம்மாற்றம் எல்லாத் திசையிலும் ஒருபடித்தாக நிகழ்வதன்று. மரத்தின் உடல் நெடுக ஓடும் நுண்ணிய நார்களும், ஆண்டுதோறும் வளரும் வளையங்களும் பலகையின் முகத்திற் காட்டும் கோடுகளைத் தச்சர் ரேகை என்பர். ரேகையின் நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே கூறலாம். குறுக்குவாக்கிலோ அது கண்ணுக்குப் புலப்படும். பச்சைத் தேக்கு முற்றும் உலருங்கால் வளையத்தின் போக்கில் 100க்கு ஏறத்தாழ 6 பங்கும், நடுவினின்று பட்டையை நோக்கிய போக்கில் இரண்டரைப் பங்கும் சுருங்கும். வேறு மரங்கள் பல இதனினும் மிகுதியாகச் சுருங்குவன. நன்குலர்ந்த தேக்கினாற் செய்த 3 அடி அகல மேசையும் பருவத்திற்கேற்பக் கால் அங்குலம் வரை அகலம் மாறக்கூடும்.

உள்ளே வயிரமுடையதை மரம் என்றும், புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. பனை புல்லினத்தைச் சார்ந்தது இதனாலன்றோ! தச்சரும் உள்வயிரத்தையே நாடி, அதனைச் சூழ்ந்த வெண்பகுதியைக் கழிப்பர். பூச்சி முதலில் அரிப்பது அதனையே.

ஒரே பலகையில் 3 அடி அகலம் தரும் தேக்கு இன்று அரிது. கப்பல் கட்டுதற்குரிய தேக்கு அருகி வந்தமையால், 1840களிலேயே மலபார்க் கலெக்டர் கானலி, சாத்து மேனன் என்பாரின் துணையோடு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்க்கத் தொடங்கினார். ஆகவே குறும்பலகைகள் பலவற்றை இணைத்தே அகன்ற பலகை ஆக்க வேண்டியுள்ளது.

கைதேர்ந்த தச்சர் பசையை உடனே தொடுவதில்லை. ஒரே மரத்தில் அறுத்த பலகைகளைத் தரையிற் பரப்பி, இடம் மாற்றியும் புரட்டியும் வைத்து, எட்ட நின்று நோக்குவர். பலகையின் நடுவில் மலைமுகடு போல் வளைந்தெழும் ரேகை, ஓரத்தில் பெரும்பாலும் நேர்கோடாகும். நேர்கோடு நேர்கோட்டோடு சேருமிடத்தில் இணைப்பு மறையும். முகடு நேர்கோட்டோடு மோதினால் நிறம் ஒத்திருப்பினும் ஒட்டு வெளிப்படும். எல்லாப் பலகையிலும் நார் ஒரே பக்கமாகச் சாய்ந்திருத்தலும் வேண்டும். இன்றேல் இழைப்புளி ஒரு பலகையை வழுவழுப்பாக்கி, அடுத்ததைச் சிராய் எழப் பெயர்த்துவிடும். வரிசை அமைந்ததும், அது மாறாதிருக்கப் பலகைகளின்மேல் சுண்ணக்கட்டியாற் பெரிய முக்கோணம் ஒன்று வரைவர்.

பின்னர், சேரவேண்டிய இரு பலகைகளையும் புத்தகம் மூடுவதுபோல் முகத்தோடு முகம் வைத்து, இரண்டன் விளிம்பையும் ஒருசேர இழைப்பர். இழைப்புளி சிறிது சாய்ந்தாலும், ஒன்றன் சாய்வை மற்றொன்றன் சாய்வு ஈடுசெய்துவிடும். விரித்துச் சேர்த்து, விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பர். ஒளி கசியாதாயின் பசைக்கு ஏற்றது. முற்காலத்தில் தோலைக் காய்ச்சிய வச்சிரமே பசை. இன்று செயற்கைப் பசைகள் மிகுதி. விளிம்போடு விளிம்பு ஒட்டிய பலகை, ஒட்டினும் மரமே முதலிற் பிளக்கும் அளவுக்கு உறுதியாகும். அறுத்த நுனியோடு நுனியை ஒட்டினாலோ, நாரின் துளைகள் பசையை உறிஞ்சிவிடப் பிடிப்புக் குன்றும். அங்கே முளையும் துளையும் செதுக்கிப் பொருத்துதல் வேண்டும்.

இத்துணையும் செய்து, இறுதியிற் கெடுப்போரும் உளர். பலகை வளையாதிருக்க அடியிற் குறுக்குச் சட்டம் வைத்து, நெடுகப் பசையிட்டு ஆணியும் அறைந்துவிடுவர். சட்டம் நீளவாக்கிற் சுருங்காது. பலகையோ குறுக்கே சுருங்க முயலும். விட்டுக்கொடுக்க இடமின்மையால் கோடையில் ஓரிரவு வெடிப்பொலி கேட்கும். 60 ஆண்டு வளர்ந்த மரம் அதனோடு பாழாம். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியிற் பசையின்றி நிறுத்துவதும் இது கருதியே. மேசைக்கு, சட்டத்தில் இடும் துளையை வட்டமாக்காது, பலகையின் குறுக்குவாக்கில் நீண்டதாக ஆக்குவர். திருகாணி அதனுள் மழைக்காலத்தில் ஒருபுறமும் கோடையில் மறுபுறமும் நகர்ந்துகொள்ளும்.