ஏமி ஜான்சன்: பொருள்கள் சொல்லும் வாழ்க்கை

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் வடகரையில் சிலேத்தார் விமானத்தளம் உள்ளது. 1930ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், பச்சை வண்ணம் பூசிய சிறிய விமானம் ஒன்று நம் தீபகற்பத்தின் நெடுக வடக்கிலிருந்து தெற்காகப் பறந்து வந்து அங்கே தரையிறங்கியது. அதில் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் 26 வயதுப் பெண். பெயர் ஏமி ஜான்சன். பதின்மூன்று நாள்களுக்கு முன்பு இலண்டனில் புறப்பட்ட அவர், ஆஸ்திரேலியாவை நோக்கித் தனியாகச் சென்றுகொண்டிருந்தார்.

இன்று கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 14 மணி நேரத்தில் சென்றுவிடலாம். அன்றைய பயணம் அப்படிப்பட்டதன்று. விமானிக்கு மேலே கூரை இல்லை. மழையும் வெயிலும் நேராக முகத்தில் அடித்தன. தரையோடு பேச வானொலிக் கருவியும் இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் கண்களுமே துணை.

ஒருவரின் வாழ்க்கையை அறிய நூல்களைப் படிக்கிறோம். அவர் பயன்படுத்திய பொருள்களையும் நாம் ‘படிக்க’ முடியும். ஏமி ஜான்சனின் பொருள்கள் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. வேறு சிலவற்றைப் பற்றிய செய்திகள் வரலாற்றில் பதிவாகியுள்ளன. அவற்றின் வழியே அவருடைய வாழ்க்கையைக் காண்போம்.

இரண்டு உரிமங்கள்

ஏமி 1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை மீன் வணிகர். நான்கு மகள்களில் ஏமியே மூத்தவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று பட்டம் பெற்றார். பிறகு இலண்டனுக்குச் சென்று, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் செயலாளராகப் பணியாற்றினார்.

இலண்டன் விமான மன்றத்தில் சேர்ந்தபோது அவருடைய வாழ்க்கை திசை மாறியது. வேலை முடிந்ததும் விமானத்திடலுக்குச் செல்வார். 1929ஆம் ஆண்டு விமானி உரிமம் பெற்றார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. பட்டறையில் ஜாக் ஹம்ஃபிரீஸ் என்னும் பொறியாளரிடம் இயந்திரத்தைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். அதே ஆண்டில் தரைப்பொறியாளர் உரிமமும் பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவரே.

விமானி உரிமம் அவரைப் பறக்க வைத்தது. பொறியாளர் உரிமமோ, பாலைவனத்திலும் அயல்நாட்டு வயல்வெளியிலும் பழுதான விமானத்தைத் தாமே சீர்செய்யும் துணிவைத் தந்தது. புகழ் பெற்ற பயணத்திற்கு முன்னால் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு அவர் கழித்த மாதங்கள் இருந்தன என்பதை அந்த இரண்டாவது உரிமம் நமக்குக் காட்டுகிறது.

‘ஜேசன்’ என்னும் விமானம்

ஏமியின் விமானம் புதியதன்று. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ‘ஜிப்சி மோத்’ வகை விமானம் அது. விலை 600 பவுன். அந்தத் தொகை ஏமியிடம் இல்லை. தந்தை ஒரு பங்கைக் கொடுத்தார். விமானத்துறைக்கு ஆதரவளித்து வந்த வேக்ஃபீல்டு பிரபு மறுபங்கைக் கொடுத்தார். தந்தையின் மீன் வணிகத்திற்கு ‘ஜேசன்’ என்பது வணிகக் குறி. அந்தப் பெயரையே விமானத்திற்குச் சூட்டினார் மகள்.

அதுவரை ஏமி பறந்த மிக நீண்ட தொலைவு, இலண்டனிலிருந்து தம் சொந்த ஊரான ஹல் வரை மட்டுமே. அப்படிப்பட்டவர் ஏறத்தாழ 11,000 மைல் தொலைவைக் கடக்கத் துணிந்தார். 1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் குரோய்டன் விமானத்திடலிலிருந்து புறப்பட்டார்.

உதிரிச் சுழல்விசிறி

ஏமி எடுத்துச் சென்ற பொருள்களுள் மிகவும் வியப்பானது ஒரு சுழல்விசிறி. விமானத்தின் மூக்குப் பகுதியில் சுழன்று அதை முன்னே இழுக்கும் பாகம் அது. ஒன்று உடைந்தால் மற்றொன்று வேண்டுமே என்று, உதிரிச் சுழல்விசிறி ஒன்றை விமானத்தின் வெளிப்புறத்திலேயே கட்டி எடுத்துச் சென்றார்.

பாக்தாத்தை நெருங்கும்போது மணற்புயல் வீசியது. கண் தெரியாத நிலையில் பாலைவனத்தில் இறங்கினார். காற்று விமானத்தைத் தள்ளிச் சென்றுவிடாமல் இருக்கத் தம் பயணப் பெட்டிகளைச் சக்கரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு புயல் ஓயும்வரை காத்திருந்தார். ஆறே நாள்களில் கராச்சியை அடைந்தார். அதற்கு முன் இலண்டனிலிருந்து கராச்சிக்கு அவ்வளவு விரைவாக எவரும் தனியாகப் பறந்ததில்லை. பிறகு இந்தியாவில் எரிபொருள் தீர்ந்துபோகவே, ஜான்சி நகரில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது.

பர்மாவில் பெரிய சோதனை காத்திருந்தது. கனமழையில் இரங்கூனுக்கு அருகிலுள்ள இன்செய்ன் என்னுமிடத்தில் விளையாட்டுத் திடல் ஒன்றில் இறங்கினார். விமானம் உருண்டு சென்று பள்ளத்தில் விழுந்தது. சுழல்விசிறி உடைந்தது, இறக்கையின் துணி கிழிந்தது. கட்டி வந்த உதிரிச் சுழல்விசிறி அங்கேதான் பயன்பட்டது. ஆனால், இறக்கைக்குத் துணி வேண்டுமே! முதல் உலகப் போரில் எஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் கிடைத்தன. அவற்றை வெட்டி இறக்கைக்கு ஒட்டுப்போட்டார்கள். ஊர்மக்களின் உதவியால் ஜேசன் மீண்டும் எழுந்தது.

இதனால் சில நாள்கள் வீணாயின. பெர்ட் ஹிங்க்லர் என்னும் விமானி 1928ஆம் ஆண்டு பதினைந்தரை நாள்களில் ஆஸ்திரேலியாவை அடைந்திருந்தார். அந்தச் சாதனையை முறியடிப்பதே ஏமியின் விருப்பம். அது கைகூடவில்லை. பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர், ஜாவா, திமோர் வழியாக மே 24ஆம் நாள் டார்வின் நகரை அடைந்தார். பயணம் பத்தொன்பதரை நாள்கள் நீடித்தது. எனினும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்னும் பெருமை அவருக்குக் கிடைத்தது.

ஜேசன் இன்று இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

சிறுவர்களின் தங்கக் கிண்ணம்

ஏமியின் துணிவைப் பாராட்டி உலகமே பரிசுகளை வழங்கியது. நாளிதழ் ஒன்று 10,000 பவுன் கொடுத்தது. அவர் பெயரில் பாட்டும் பரவியது. அவற்றுள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரச் சிறுவர்கள் சேர்த்துக் கொடுத்த அன்பளிப்பும் ஒன்று. அந்தப் பணத்தை ஏமி தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு ஒரு தங்கக் கிண்ணம் வாங்கி, தம் சொந்த ஊருக்கு அளித்தார். துணிச்சலான செயல் புரிந்த ஹல் நகரச் சிறுவருக்கு அது வழங்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். முகம் அறியாத சிறுவர்கள் கொடுத்த பரிசு, இவ்வாறு வேறு சிறுவர்களைச் சென்றடைந்தது.

இறுதிப் பயணம்

அடுத்த ஆண்டுகளில் ஏமி தோக்கியோவுக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கும் பறந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் 1940ஆம் ஆண்டு சேர்ந்தார். தொழிற்சாலைகளிலிருந்து விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டு சேர்ப்பது அப்படையின் பணி. அதில் பெண் விமானிகளுக்கு அந்நாளில் ஆண்களைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஏமியும் அதே நிலையில்தான் பணியாற்றினார்.

1941ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள தளத்திற்கு ஒரு விமானத்தை ஓட்டிச் சென்றார். வானிலை மிக மோசமாக இருந்தது. அவர் போகவேண்டிய வழியிலிருந்து வெகுதொலைவு விலகி, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் வான்குடையுடன் குதித்தார். அருகிலிருந்த ‘ஹேசல்மியர்’ என்னும் கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், அவரைக் காப்பாற்றக் கடுங்குளிர் நீரில் பாய்ந்தார். முயற்சி பலிக்கவில்லை. குளிரால் ஃபிளெட்சரும் உயிரிழந்தார்.

ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய பைகளும் காசோலைப் புத்தகமும் நீரிலிருந்து மீட்கப்பட்டன. விமானத்தில் வந்தவர் யார் என்பதற்கு அவையே சான்றாயின. அவர் ஏன் வழி விலகினார் என்பது பற்றிப் பல கருத்துகள் கூறப்பட்டன. பைகள் யாருடையவை என்று தெரிந்தது. ஆனால், அன்று வானில் நடந்தது என்ன என்பதை அவற்றால் கூற இயலவில்லை.

பொருள்கள் சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் நகருக்கு அருகே சூவர்பி மாளிகை உள்ளது. 1936ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டபோது, திறந்து வைத்தவர் ஏமி ஜான்சன். பின்னாளில் மகளின் பரிசுகளையும் நினைவுப் பொருள்களையும் தந்தை அந்த மாளிகைக்கே வழங்கினார். இன்று அங்கே ஏமிக்கெனத் தனி அறை உண்டு. தாம் திறந்து வைத்த இடத்திலேயே தம் பொருள்கள் நிலைபெறும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

பதக்கங்களும் கிண்ணங்களும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். அவற்றில் பெயர் பொறித்திருக்கும். இறக்கையில் ஒட்டுப்போட உதவிய சட்டைகளுக்கு அத்தகைய இடம் கிடைப்பதில்லை. இன்செய்னில் ஊசி பிடித்தவர்களின் கைகள் இல்லாமல் ஜேசன் சிலேத்தாரை அடைந்திருக்காது. ஆகவே, ஒரு சாதனைப் பொருளைக் காணும்போது, ‘இதை வென்றவர் யார்?’ என்பதோடு, ‘இதற்குத் துணை நின்றவர் யார்?’ என்றும் கேட்கப் பழக வேண்டும்.

நம் வீடுகளிலும் பழைய பொருள்கள் உள்ளன. தாத்தாவின் பால்மரக் கத்தி, பாட்டியின் தோட்ட வேலை அட்டை, பழைய கடப்பிதழ் ஆகியவற்றுக்கும் வரலாறு உண்டு. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால், பிற்காலத்தில் அப்பொருள்கள் பேசும்.

அருஞ்சொற்பொருள்

நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ள குறுகிய கடற்பகுதி
உரிமம் – ஒரு தொழிலைச் செய்ய வழங்கப்படும் அனுமதிச் சான்று
உதிரி – பழுதானதற்கு மாற்றாக வைத்திருக்கும் பாகம்
அரும்பொருளகம் – அரிய பொருள்களைப் பாதுகாத்துக் காட்சிக்கு வைக்கும் இடம்
கடப்பிதழ் – வெளிநாட்டுப் பயணத்திற்கான அரசாங்க ஆவணம்

கருத்துணர் வினாக்கள்

1. ஏமி தம் விமானத்திற்கு ‘ஜேசன்’ எனப் பெயரிட்டதன் காரணம் என்ன?
2. தரைப்பொறியாளர் உரிமம் ஏமியின் பயணத்திற்கு எவ்வாறு துணைபுரிந்திருக்கும்?
3. ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்காதபோதும் ஏமியின் பயணம் வெற்றி எனலாமா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. மீட்கப்பட்ட பைகள் எதை உறுதிப்படுத்தின? எதை உறுதிப்படுத்தவில்லை?
5. உன் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பயன்படுத்தியவரை நேர்காணல் செய்து, 120 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.