மட்டக்குதிரையில் பிள்ளைகளை ஏற்றுமுன்...

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் திருவிழாக்களையொட்டி மாட்டுவண்டி, குதிரைவண்டிப் பந்தயங்கள் நடப்பது வழக்கம். திருமயம் வட்டாரத்திலும் பந்தயத்துக்கென மட்டக்குதிரை வளர்ப்போர் உண்டு. கொட்டிலில் குதிரை நின்றால், ஏறிப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. முறையாகப் பழக்கினால் இது நல்ல உடற்பயிற்சி. முறை தவறினால் ஒரே உதையில் எலும்பு முறியும். தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

எந்தக் குதிரை ஏற்றது?

பந்தயத்தில் ஓடும் குதிரை குழந்தைக்கு ஏற்றதன்று. கூச்சலும் சாட்டையும் கேட்டால் பாய்ந்தோட வேண்டும் என்றே அது பழக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை பயந்து அலறினால் அதுவே ஓட்டத்துக்குக் கட்டளையாகிவிடும். 8 வயதைக் கடந்த, சாந்தமான பெண் குதிரையோ காயடித்த ஆண் குதிரையோ நல்லது. சேணத்தையும் சேர்த்துச் சுமை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது. 150 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை 30 கிலோ வரைதான் சுமக்கலாம்.

முதலில் பராமரிப்பு, பிறகே சவாரி

முதல் சில வாரங்கள் பிள்ளையை முதுகில் ஏற்ற வேண்டாம். பெரியவர் உடனிருக்க, தண்ணீர் காட்டவும், உடம்பைத் தேய்த்துவிடவும், தீனி வைக்கவும் பழக்க வேண்டும். தீனியை விரல்களால் பிடித்து நீட்டாமல், விரித்த உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டும். குதிரைக்கு நேர் பின்புறம் கண் தெரியாது. ஆகவே, பின்னால் சென்று தொடாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுக வேண்டும். காதுகளைப் பின்னுக்கு மடித்தால் கோபம் என்று அறிந்து விலகிவிட வேண்டும்.

ஏற்றும் முறை

5, 6 வயதுக்குமேல் தொடங்கலாம். சரளையும் பாறையும் உள்ள இடம் ஆகாது. வெடிப்பு விட்ட கண்மாய்த் தரையும் ஆகாது, குளம்பு சிக்கிக்கொள்ளும். மண் இளகிய, சமமான தரிசு நிலமே தக்கது. வெயில் ஏறுமுன் காலையிலோ, வெயில் தாழ்ந்த மாலையிலோ 10 அல்லது 15 நிமிடங்கள் போதும். பழகிய பெரியவர் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்த, இன்னொருவர் பிள்ளையின் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும். நடையைத் தவிர ஓட்டத்துக்கு விடக்கூடாது.

தலைக்கவசம் இல்லாமல் ஏற்றவே கூடாது. பிள்ளையைச் சேணத்தோடு கட்டுவதும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் பெரும் ஆபத்து. விழுந்தால் குதிரை இழுத்துச் சென்றுவிடும். அங்கவடியில் கால் நுழைந்து சிக்காதிருக்க, குதிகால் சற்று உயர்ந்த செருப்பணி வேண்டும். அது இல்லையேல் அங்கவடியைக் கழற்றிவிடுவதே மேல்.

பயன் என்ன?

குதிரை நடக்கும்போது பிள்ளையின் இடுப்பும் முதுகும் அதற்கேற்ப அசைந்து, தசைகள் உறுதிப்படுகின்றன. உடலைச் சமநிலையில் வைக்கும் திறன் வளர்கிறது. மூளைவாதம் உள்ள குழந்தைகளுக்கு, தேர்ந்த நிபுணர்களின் மேற்பார்வையில் இதைச் சிகிச்சையாகவும் அளிக்கின்றனர். டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் 1944-ல் இளம்பிள்ளைவாதம் தாக்கி முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தவர். விடாமல் பயின்று, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

தீனியில் கவனம்

காய்ந்த புல்லும், பூஞ்சணம் பிடிக்காத கடலைக்கொடியும் முக்கியத் தீனி. ஊறவைத்த கொள்ளைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. திடீரெனத் தீனியை மாற்றினால் கடும் வயிற்றுவலி கண்டு மடிந்துபோகவும் கூடும். கோழித் தீவனத்தை ஒருபோதும் வைக்கக்கூடாது. அதில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு ஆகும், குதிரைக்கு நஞ்சு. அரளி, ஆமணக்கு உள்ள வரப்போரம் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

காயம் பட்டால்

குதிரைச் சாணி கலந்த மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும். சிறு சிராய்ப்பானாலும் சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவது அவசியம். பிள்ளைக்குரிய தடுப்பூசிகள் முடிந்தனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குதிரைக்கும் இந்நோய் எளிதில் வரும். அதற்கான தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

சவாரிக்காகவே கடன்பட்டுக் குதிரை வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. கொட்டிலில் ஏற்கெனவே நிற்கும் சாதுவான குதிரை என்றால், மேற்சொன்ன முறைகளைக் கைக்கொண்டு பழக்கலாம்.