தேய்ந்த கேம் சங்கிலியை மாற்றும் முறை

வயலுக்குப் பசளையும் சந்தைக்கு மரக்கறியும் கொண்டுசெல்ல உதவும் மோட்டார் சைக்கிள்கள், நாற்சில்லு மோட்டார் வண்டிகள் பலவற்றின் இயந்திரத்தினுள் கேம் சங்கிலி ஒன்று உண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுழலுகையில் கேம் தண்டை ஒருமுறை சுழற்றி, வால்வுகளை உரிய வேளையில் திறப்பிப்பது இதுவேயாம்.

சங்கிலி தேய்ந்து நீண்டால் இயந்திரத்திற் சலசலப்பு எழும், வலு குறையும். அது பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதி வளையலாம். அப்பொழுது செலவு பன்மடங்காவதோடு, அறுவடை வேளையில் வண்டியும் நின்றுவிடும்.

1. இயந்திரம் ஆறியபின் பிளக்கைக் கழற்றுக. வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில், பறப்புச் சில்லின் 'டி' குறியை உறையிலுள்ள குறியுடன் பொருத்துக.

2. முதலில் டென்சனரைக் கழற்றுக. பின்னர் மேற் பற்சில்லைக் கழற்றி, சங்கிலி உள்ளே விழாவண்ணம் கம்பியாற் கட்டுக.

3. பறப்புச் சில்லு தடையாயின் உரிய கருவியால் அதனை எடுத்து, பழைய சங்கிலியை நீக்குக. பற்சில்லுகளும் வழிகாட்டிகளும் தேய்ந்திருப்பின் அவற்றையும் மாற்றுக.

4. புதிய சங்கிலியைக் கீழ்ப் பற்சில்லில் இட்டு, பறப்புச் சில்லை மீளப் பூட்டுக. கீழும் மேலும் குறிகள் பொருந்திய நிலையிலேயே மேற் பற்சில்லைப் பூட்டுக.

5. டென்சனரின் தண்டை உள்ளிழுத்து வைத்துப் பூட்டியபின் விடுவிக்க.

6. கிராங்க் தண்டைக் கையால் இருமுறை சுழற்றிக் குறிகளை மீண்டும் பார்க்க. எங்கேனும் தடைப்படின் பலவந்தஞ் செய்யற்க; இயந்திரத்தை இயக்கவும் வேண்டாம். பிழையைத் திருத்தியபின் வால்வு இடைவெளியைச் சரிசெய்க.

அழுக்கெண்ணெய் சங்கிலியை விரைவிற் தேய்க்கும். ஆதலின் கைந்நூல் கூறுங் காலத்தில் எண்ணெயை மாற்றுதல் கமக்காரருக்கு நன்மை பயக்கும்.