கஞ்சா விதைச் சட்டினியும் டி.எச்.சி. மசாலையும்

இமயமலைச் சாரலில் உள்ள குமாயூன், கர்வால் பகுதிகளில் வீடுதோறும் அறிமுகமான சட்டினி ஒன்று உண்டு. கஞ்சாச் செடியின் விதையை எண்ணெயின்றிப் பொரிய வறுத்து, சீரகம், பச்சை மிளகாய், கொத்துமல்லித் தழை, உப்பு ஆகியவற்றுடன் கல்லில் அரைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து அதனை ஆக்குகின்றனர். அவ்விதையைப் பூண்டு, மிளகாய், உப்பு ஆகியவற்றோடு சேர்த்து அரைத்த வாசனை உப்பும் அங்கு வழக்கத்தில் உள்ளது. தாளித்த உருளைக்கிழங்குடன் இவற்றைச் சிறுவரும் முதியோரும் உண்கின்றனர், எவரும் மயங்குவதில்லை.

வட அமெரிக்காவில் சட்டம் இடந்தரும் சில பகுதிகளில் இதே செடியைச் சார்ந்த வேறொரு மசாலைப் பொடி விற்பனையாகின்றது. அதனைச் சமையலில் தூவினால் உண்போருக்குப் போதை உண்டாகும். செடி ஒன்றாயிருக்க, பயன் இவ்வாறு மாறுபடுவது ஏன்? இதனை அறிந்துகொள்வது சமையலறையின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

விதை வேறு, பிசின் வேறு

கஞ்சாச் செடியில் ஆண் செடி, பெண் செடி என இருவகை உண்டு. பெண் பூங்கொத்தைச் சூழ்ந்த சிற்றிலைகளின்மேல் மிக நுண்ணிய சுரப்பி மயிர்கள் அடர்ந்துள்ளன. அவற்றில் ஊறும் பிசினிலேயே போதைப் பொருளின் பெரும்பகுதி தங்குகின்றது. டெட்ராஹைடிரோகன்னபினால் என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான கவோனி, மெக்கூலம் ஆகிய இருவரும் இதனைத் தனியே பிரித்து இதன் அமைப்பை விளக்கினர்.

விதையின் உள்ளே இச்சுரப்பிகள் இல்லை. அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு எண்ணெயும், 25 பங்கு புரதமும் உள்ளன. பூங்கொத்திலிருந்து உதிரும்போது சிறிது பிசின் விதையின் தோலில் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆதலின் விதையைப் புடைத்துத் தூய்மை செய்தல் வேண்டும்.

வெப்பமும் கொழுப்பும்

பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் இருக்கின்றது. அவ்வமிலம் போதை தருவதன்று. 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது கரியமில வாயுவை விரைவாக இழந்து டி.எச்.சி. ஆக மாறுகின்றது. 1 கிராம் அமிலம் முழுதும் மாறினால் சுமார் 0.88 கிராம் டி.எச்.சி. கிடைக்கும். விதையை வறுக்கும்போதும் வெப்பம் உண்டே என ஐயுறலாம். மாறுவதற்குரிய அமிலம் தூய விதையில் மிகச் சொற்பமாதலின், வறுத்தலால் அது போதைப் பண்டமாகிவிடாது.

டி.எச்.சி. நீரில் கரைவது மிக அரிது. நெய்யிலும் எண்ணெயிலும் எளிதிற் கரையும். இக்காரணத்தால் அது குழம்பில் ஒரே சீராகப் பரவாமல், மேலே மிதக்கும் எண்ணெயோடு சேர்ந்துவிடுகின்றது. ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்த இரு கரண்டிகளில் ஒன்றிலிருப்பது மற்றொன்றில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருத்தல் கூடும்.

காலந்தாழ்த்து வரும் விளைவு

புகைவழி நுரையீரலை அடையும் டி.எச்.சி. சில நிமிடங்களில் மூளையை எட்டுகின்றது. உணவோடு உட்சென்றதோ குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கின்றது. அங்கு அதன் ஒரு பகுதி, மூளைக்குள் எளிதிற் புகக்கூடியதும் போதை தருவதுமான வேறொரு பொருளாக மாற்றமடைகின்றது. ஆகவே விளைவு தோன்ற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தோன்றியபின் ஆறு முதல் எட்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ நீடிக்கலாம்.

துன்பம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றது. ஒருவர் முதலில் சிறிது உண்கிறார். ஒரு மணி நேரம் கழிந்தும் மாறுதல் தோன்றாமையால் மறுமுறையும் உண்கிறார். பின்னர் இரண்டும் ஒருங்கே வேலை செய்கின்றன. நெஞ்சு படபடத்தல், அச்சம், நிலைதடுமாற்றம், வாந்தி ஆகியவை தோன்றும். சிறு குழந்தை உண்டுவிட்டால் நினைவிழந்து மூச்சுத் தளரவும் கூடும்.

ஒரு சிறு கணக்கு

2021-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இவ்விதையையும், விதை எண்ணெயையும், விதை மாவையும் உணவாக ஏற்றது. 1 கிலோகிராம் விதையில் டி.எச்.சி. 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என வரம்பிட்டது. ஒருவர் உண்ணும் சட்டினியில் 10 கிராம் விதை உள்ளதெனக் கொள்வோம். அதிலிருக்கக்கூடிய டி.எச்.சி. மிகுந்தால் 0.05 மில்லிகிராம். கனடா நாட்டில், 2019-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, டி.எச்.சி. சேர்ந்த உணவுப் பொட்டலம் ஒன்றில் 10 மில்லிகிராம் வரை இருக்கலாம். இது முன்னதைப்போல் 200 மடங்கு. அந்த அளவை விதையின் வாயிலாகப் பெறுவதற்கு ஒருவர் 2 கிலோகிராம் விதையை உண்ணவேண்டும்!

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. மசாலை என்பது நாவின் சுவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தூவப்படுவது. உப்பு மிகுந்தால் நாக்கு உடனே அறிவிக்கும். டி.எச்.சி. மிகுந்ததை நாக்கு அறிவிக்காது. அளந்து உண்ண வேண்டியதொரு மருந்துப் பொருளைச் சுவைக்கெனத் தூவும் பொடியில் கலப்பதால் விளையும் ஆபத்து இதுவே.

சட்டமும் இல்லமும்

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருட்கள் சட்டம், பூங்கொத்தையும் பிசினையும் அவை கலந்த பண்டங்களையும் தடை செய்கின்றது. பூங்கொத்தோடு சேராத விதையும் இலையும் 'கஞ்சா' என்னும் சொல்லின் வரையறையில் அடங்கா. இலையிலிருந்து ஆக்கும் பாங் என்னும் பண்டத்தை மாநிலங்கள் தத்தம் விதிகளால் ஒழுங்குபடுத்துகின்றன. ஆயினும் அதிலும் டி.எச்.சி. உண்டு என்பதை மறத்தலாகாது.

விதையைச் சமைத்துப் பார்க்க விரும்புவோர், உணவு உரிமம் பெற்றோர் விற்கும் தூய விதையையே வாங்குக. நம் வயல்களில் உரத்திற்காக விதைக்கப்படும் சணப்பு முற்றிலும் வேறான தாவரம். அதன் விதை உண்ணத் தகாதது. பெயரொற்றுமையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கேடு தரும்.

போதைப் பண்டம் கலந்த உணவை அறியாது உண்ட குழந்தையோ பெரியவரோ மயங்கினால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. என்ன உண்டார், எப்பொழுது உண்டார் என்பதை மருத்துவரிடம் மறையாது கூறுக. நாணத்தால் உண்மையை ஒளிப்பது சிகிச்சையைத் தாமதிக்கும். எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்துண்பது நம் இல்லங்களின் வழக்கம். அப்பாத்திரத்தில் என்ன இட்டோம் என்பதை உண்போர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.