பிள்ளைகளோடு ஐரோப்பா: ஒரே ஊர் போதும்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஐரோப்பா போகலாமா என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தால், கூடவே அறிவுரைகளும் வந்து சேரும். அவற்றில் பெரும்பாலானவை 'எட்டு நாள், ஐந்து நாடு' என்று ஓடும் பயணத் திட்டங்களைப் பார்த்துப் பிறந்தவை. அந்த ஓட்டத்தில் பிள்ளைகள் படும் பாட்டை ஐரோப்பாவின் குறையாக நினைத்துவிடுகிறோம். ஒரே ஊரில் தங்கி, பிள்ளையின் காலுக்கும் வயிற்றுக்கும் ஏற்றபடி நாளை வகுத்தால் கதை வேறு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவை வைத்து ஐந்து நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: விசா எடுத்துவிட்டு ஒரே ஊரோடு திரும்பினால் காசு வீண்

ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குள் போய்வரலாம் என்பது உண்மைதான். அதற்காக அத்தனை வாசலையும் மிதித்துவிட்டு வர வேண்டியதில்லை. ஊர் மாறும் நாளின் கணக்கைப் பாருங்கள். காலையில் பெட்டி கட்டி, முற்பகலுக்குள் அறையைக் காலி செய்து, ரயிலோ பேருந்தோ பிடித்து, புது ஊரில் பிற்பகல் அறை கிடைக்கும்வரை மூட்டை முடிச்சோடு காத்திருக்க வேண்டும். குறைந்தது அரை நாள் போய்விடும். எட்டு நாளில் நான்கு முறை ஊர் மாறினால் இரண்டு முழு நாள் காணாமல் போகும். நேர வித்தியாசம் வேறு இருக்கிறது. கோடையில் வியன்னா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு 9 மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அங்கே மாலை 5.30க்கே கண் சொருகும். நள்ளிரவு தாண்டி 2.30க்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்பு பழகச் சில நாள் பிடிக்கும். அதற்குள் இரண்டு படுக்கை மாற்றினால் அழுகைக்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு நாட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். காலையில் போய் இரவு அதே கட்டிலுக்குத் திரும்பிவிடலாம்.

நம்பிக்கை 2: அருங்காட்சியகம் என்றாலே பிள்ளைகளுக்குச் சலிப்பு

சலிப்பூட்டுவது அருங்காட்சியகமா, அதை நாம் சுற்றிக்காட்டும் விதமா என்று யோசிக்க வேண்டும். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த 'குழந்தைகள் விளையாட்டு' ஓவியம் இருக்கிறது. ஒரே பலகையில் 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள், 80க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். முன்னால் வளையம் உருட்டுகிறார்கள். இடது கீழ் மூலையில் இருவர் எலும்புத் துண்டுகளைப் போட்டுப் பிடிக்கிறார்கள், நம் ஐந்தாங்கல் போலவே. இன்னொரு பக்கம் பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள். தலையை மூடிக்கொண்டு கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். 'உனக்குத் தெரிந்த விளையாட்டைக் கண்டுபிடி' என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை இருபது நிமிடம் நகராது. அந்த அருங்காட்சியகத்தின் முன்னிருக்கும் சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே டைனோசர் கூடமும், விண்கல் அறையும், 1908இல் கிடைத்த வில்லன்டோர்ஃப் பெண் சிலையும் உண்டு. ஏறக்குறைய 29,500 ஆண்டு பழைய அந்தச் சிலையின் உயரம் 11 சென்டிமீட்டர்தான். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுவார்களே என்றால், ஆமாம், களைப்பார்கள். அப்போது வெளியே வந்துவிட வேண்டும். கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் பார்த்துத் தீர்ப்பது என்று நாம் பிடிக்கும் பிடிவாதத்தில்தான் சலிப்பு தொடங்குகிறது.

நம்பிக்கை 3: பிள்ளைகள் கூட வந்தால் செலவு இரட்டிப்பு

விமானச் சீட்டில் இது பாதி உண்மை. இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை வாங்க வேண்டும். கட்டணமும் பெரியவர் கட்டணத்தை நெருங்கும். ஊருக்குள் போன பிறகு கணக்கு மாறுகிறது. ஆஸ்திரியாவின் கூட்டரசு அருங்காட்சியகங்களில் 2010 முதல் 19 வயது நிறையாதவர்களுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. மேலே சொன்ன இரண்டும் அந்த வகைதான். ஆறு வயதுக்குக் கீழே நகரப் போக்குவரத்தும் இலவசம். 21 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் டான்யூப் தீவிலும், பிராட்டர் பூங்காவின் மர நிழலிலும் நாளெல்லாம் ஓடலாம். காசு கேட்பார் இல்லை. பிராட்டரில் 1897இல் நிறுவிய ராட்டினத்தில் ஏறினால்தான் பையைத் திறக்க வேண்டும். 1752இல் தொடங்கிய ஷோன்புருன் விலங்குக் காட்சிசாலைக்கும் சீட்டு உண்டு. விசாவில்கூட 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, ஆறுக்குக் கீழே ஒன்றுமில்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

நம்பிக்கை 4: சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டும், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போக வேண்டும்

கட்டிக்கொண்டு போவதில்தான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய்ப் புட்டியும் பால்கோவாவும் சுங்கத்தில் நின்றுவிடும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். கைக்குழந்தைக்கான பால்பொடிக்கு மட்டும் அளவோடு விலக்கு உண்டு. சமையலறையோடு கூடிய வாடகை வீடு கிடைத்தால், அரிசி, பால், தயிர், பழம் எல்லாம் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873 முதல் நகருக்கு வருகிறது, அப்படியே குடிக்கலாம். உணவகத்தில் கொத்துப் பரோட்டா போலப் பிய்த்துப் போட்ட இனிப்பு அடையான கைசர்ஷ்மார்ன் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முட்டை சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். சைவர்கள் சூப் வாங்கும்போது மட்டும் என்ன சேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும், மாட்டிறைச்சி வேகவைத்த சாறு அதில் சாதாரணம். உண்மையான திண்டாட்டம் ஞாயிற்றுக்கிழமை வரும்: பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சில கடைகள் தவிர மற்றவை மூடிக் கிடக்கும். சனிக்கிழமையே பால் வாங்கி வைத்தவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

நம்பிக்கை 5: சின்ன வயதில் கூட்டிப்போனால் எதுவும் நினைவில் நிற்காது

ஐந்திலும் வலுவான வாதம் இதுதான். மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை. உளவியலாளர்கள் இதைக் குழந்தைப் பருவ மறதி என்கிறார்கள். நினைவுதான் குறி என்றால், கைக்குழந்தை வளரும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பது நியாயமே. ஆனால் ஐந்தாறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த வாதம் பொருந்தாது. திரும்பத் திரும்பப் பார்த்ததும், பெற்றோரோடு பேசிப் பேசி அசைபோட்டதும் பிள்ளை மனதில் நன்றாகப் பதிகின்றன. ஐந்து நாடுகளின் கோபுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். ஆறு நாள் ஏறி இறங்கிய அதே டிராம், தினமும் சறுக்கிய அதே சறுக்குமரம், பலகையின் மூலையில் எலும்புத் துண்டு பிடித்த அந்த இருவர் ஆகியவற்றுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஊர் திரும்பியதும் ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக் கொடுத்தால், அந்த ஓவியத்தைப் பற்றிய பேச்சைப் பிள்ளையே எடுக்கும்.