கிழட்டு லேப்ரடாருக்கு லேசர் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் கறுப்பு லேப்ரடாருக்கு 11 வயது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதாம். வலி மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுக்கிறான். ஒரு கிளினிக்கில் லேசர் வைக்கலாம் என்கிறார்கள், இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுமாம். இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். வாந்தி வயிற்றுப் புண்ணின் அறிகுறியாக இருக்கலாம். நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கும் பழக்கமும் வேண்டாம்.

இரண்டு நிமிடம் என்பதைக் கேட்டுச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒரு வாட் ஒளி ஒரு விநாடி விழுந்தால் ஒரு ஜூல். இடுப்பைச் சுற்றி 100 சதுர சென்டிமீட்டர் பரப்பு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 8 ஜூல் என்று வைத்தால் மொத்தம் 800 ஜூல். அரை வாட் கருவிக்கு இதற்கு 27 நிமிடம் ஆகும். பத்து வாட் கருவி 80 விநாடியில் முடித்துவிடும். எத்தனை ஜூல் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும்தான் இந்த ஒளி. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இதை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, வீக்கமும் வலியும் தணிகின்றன. 1967-ல் புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகள் மேல் ரூபி லேசரைப் பாய்ச்சியபோது மயிர் சீக்கிரம் முளைத்ததைக் கண்டார். அங்கே தொடங்கிய துறை இது. தேய்ந்த குருத்தெலும்பை இது திரும்ப வளர்த்துத் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் நாய் கறுப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பு மயிரும் தோலும் ஒளியை மேலேயே பிடித்துக்கொண்டு சூடாகும். பெரிய கருவியை ஒரே இடத்தில் பிடித்தால் சுட்டுவிடும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் அதற்கான கண்ணாடி கட்டாயம், நாயின் கண்ணையும் மறைக்க வேண்டும். இன்னொன்று: வயதான பெரிய ஜாதி நாய் நொண்டுவதற்கு எலும்புப் புற்றும் காரணமாகலாம். கட்டியின் மேல் லேசர் வைக்கக் கூடாது. ஆகவே எக்ஸ்ரே அண்மையில் எடுத்ததுதானா என்று பாருங்கள்.

வாரம் இரண்டு மூன்று முறை என்று ஆரம்பித்து, பிறகு இடைவெளி விடுவார்கள். வலி குறைந்த அந்த நாட்களில்தான் உங்கள் வேலை இருக்கிறது. உட்கார்ந்து எழ வைப்பது, மெதுவான சிறு நடை, எடைக் குறைப்பு. வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். அது லேசரைவிட மலிவு, பல வீடுகளில் அதைவிடப் பலனும் தந்திருக்கிறது.

கேள்வி: டாக்ஸ்ஹண்டுக்கு முதுகுத்தண்டு டிஸ்க் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. லேசர் வைத்தால் சீக்கிரம் நடப்பானா?
– வாசகர், மதுரை

பதில்: உறுதி சொல்ல மாட்டேன். லேசர் வைத்த நாய்கள் முன்னதாகவே எழுந்து நடந்தன என்று 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. 2017-ல் வந்த இன்னோர் ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. வசதி இருந்தால் வையுங்கள். கூண்டு ஓய்வையும் பிசியோ பயிற்சியையும் மட்டும் அதற்காகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: என் குதிரைக்கு முன்னங்கால் பின்பக்கத் தசைநாண் கிழிந்தது. லேசர் வைத்த மூன்றாவது வாரமே நொண்டல் போய்விட்டது. ஓட்டலாமா?
– குதிரை வளர்ப்பவர், ஊட்டி

பதில்: வேண்டாம். போனது வலி, கிழிசல் அப்படியேதான் இருக்கிறது. தசைநாண் ஆறிப் பழைய வேலைக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும். வலி மட்டும் இல்லாமல் போன குதிரை முழு வேகத்தில் பாயும். அதே இடத்தில் மறுபடி கிழிந்தால் முன்னைவிட மோசம். லேசர் தொடரட்டும். காலில் மயிரைக் கத்தரித்து, சேறும் தடவிய தைலமும் போகத் துடைத்துவிட்டு வையுங்கள். இப்போதைக்கு லாயத்தில் ஓய்வு, கையில் பிடித்து மருத்துவர் சொன்ன நிமிடங்கள் மட்டும் நடை. நடையிலிருந்து டிராட்டுக்கும், டிராட்டிலிருந்து கேண்டருக்கும் போகுமுன் ஒவ்வொரு முறையும் அல்ட்ராசவுண்ட் எடுத்துக் காட்டுங்கள்.