இரண்டே பெயர்கள் உள்ள வெற்றிப் பட்டியல்

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு)



விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வெற்றிப் பட்டியல் வந்தால் நாம் என்ன செய்வோம்? யார் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள் என்று எண்ணுவோம், பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஆனால் ஒரு பட்டியலை மட்டும் என்னால் அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் படகுப் பந்தயத்தின் பட்டியல் அது. 1829-ல் தொடங்கிய அந்தப் பட்டியலில் இருப்பது மொத்தமே இரண்டு பெயர்கள்தான். "இதிலே படிக்க என்னப்பா இருக்கு?" என்று கேட்பீர்கள். டிப்ளமோ படிக்கிற நமக்கு அதில் நிறையவே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பந்தயம் எப்படி?

சார்லஸ் மெரிவேல் கேம்பிரிட்ஜில் படித்தவர். சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த் ஆக்ஸ்போர்டில் படித்தவர். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். இருவரும் பள்ளித் தோழர்கள். 1829-ல் கேம்பிரிட்ஜ் சவால் விட்டது. ஜூன் 10-ந் தேதி ஹென்லி என்ற ஊரில், தேம்ஸ் நதியில் முதல் பந்தயம் நடந்தது. ஜெயித்தது ஆக்ஸ்போர்டு. இரண்டாவது பந்தயம் 1836-ல் லண்டனில். அதில் கேம்பிரிட்ஜ் ஜெயித்தது. 1845-ல் பந்தயம் பட்னி முதல் மார்ட்லேக் வரை உள்ள பாதைக்கு வந்தது. தூரம் சுமார் 6.8 கிலோமீட்டர். 1856 முதல் உலகப் போர் ஆண்டுகளும் 2020-ம் தவிர வருடம் தவறாமல் நடந்திருக்கிறது. 2021-ல் மட்டும் தேம்ஸை விட்டு ஈலி என்ற ஊரில் நடத்தினார்கள்.

ஒரு படகில் எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். அவர்கள் முகம் பின்பக்கம் பார்த்திருக்கும். எங்கே போகிறோம் என்பதே தெரியாது. ஒன்பதாவது ஆள் காக்ஸ். முன்னால் பார்த்து, சுக்கானைப் பிடித்து, குரல் கொடுத்து ஓட்டுவது அவர் வேலை. 1981-ல் ஆக்ஸ்போர்டு படகில் சூ பிரவுன் என்ற மாணவி காக்ஸாக உட்கார்ந்தார். இந்தப் பந்தயத்தில் அப்படி உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். ஆக்ஸ்போர்டு எட்டுப் படகு நீளத்தில் ஜெயித்தது.

ஸ்கோர் என்ன?

2025 வரை ஆண்கள் பந்தயம் 170 நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் 88, ஆக்ஸ்போர்டு 81, சமநிலை 1. பெண்கள் பந்தயம் 1927-ல் தொடங்கியது. அதில் கேம்பிரிட்ஜ் 49, ஆக்ஸ்போர்டு 30. பெண்கள் பந்தயம் ஆண்கள் பந்தயம் நடக்கும் அதே நாளில், அதே பாதையில் நடக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

இனி பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெற்றிகள் மாறி மாறி வரவில்லை. கொத்துக் கொத்தாக வந்திருக்கின்றன.

1861 – 1869: ஆக்ஸ்போர்டு, தொடர்ந்து 9
1890 – 1898: ஆக்ஸ்போர்டு, தொடர்ந்து 9
1924 – 1936: கேம்பிரிட்ஜ், தொடர்ந்து 13
1976 – 1985: ஆக்ஸ்போர்டு, தொடர்ந்து 10
1993 – 1999: கேம்பிரிட்ஜ், தொடர்ந்து 7

வருடா வருடம் பழைய ஆட்கள் படிப்பை முடித்துப் போகிறார்கள். புது ஆட்கள் வருகிறார்கள். அப்படியிருக்க பதின்மூன்று வருஷம் ஒரே பக்கம் ஜெயிப்பது எப்படி? அதிர்ஷ்டம் அவ்வளவு நாள் கூட வராது. ஆள் மாறினாலும் மாறாத ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பயிற்சி முறை, படகு, சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் என்று அதைப் பிரிக்கலாம். 1976-க்குப் பிந்தைய ஆக்ஸ்போர்டு வெற்றிகளுக்குப் பின்னால் டான் டோப்போல்ஸ்கி என்ற பயிற்சியாளரின் உழைப்பு இருந்தது.

படகு என்னும் இயந்திரம்

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். துடுப்பு என்பது ஒரு நெம்புகோல். படகு ஒடுங்கலாக இருந்தால் தண்ணீரின் தடை குறையும், வேகம் கூடும். ஆனால் துடுப்பைத் தாங்கும் கொண்டி படகின் விளிம்பிலேயே இருந்தால், ஒடுங்கிய படகில் கைப்பக்கத்து நீளம் போதாது. இழுக்க முடியாது. இதற்கு வழி, விளிம்புக்கு வெளியே இரும்புச் சட்டத்தை நீட்டி, அதன் முனையில் கொண்டியை வைப்பது. இதற்குப் பெயர் அவுட்ரிக்கர். 1846 பந்தயத்தில் அவுட்ரிக்கர் படகுகள் வந்துவிட்டன.

இதை முதலில் யோசித்தவர் யார் என்பதில் பல பேச்சு உண்டு. ஆனால் பந்தயத்துக்கு ஏற்றபடி அதைச் செய்து காட்டி, ஜெயித்தும் காட்டியவர்களில் முக்கியமானவர் ஹாரி கிளாஸ்பர். இவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்? எதிலும் இல்லை. வட இங்கிலாந்தில் டைன் நதிக்கரைக்காரர். சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, கப்பல் தச்சு பழகி, சொந்தமாகப் படகு செய்தவர்.

அடுத்தது 1857. அடியில் நீளவாக்கில் நீண்டிருக்கும் கட்டை இல்லாத, வழவழப்பான படகில் ஆக்ஸ்போர்டு வந்து ஜெயித்தது. அந்தப் படகைச் செய்தவர் மாத் டெய்லர். அவரும் அதே டைன் நதிக்கரைப் படகுத் தச்சர்தான்.

மூன்றாவது 1873. அந்த வருஷம் இரு அணிகளும் முதன்முதலாக ஸ்லைடிங் சீட்டில் உட்கார்ந்தன. சீட் முன்னும் பின்னும் ஓடுவதால் கைக்கும் முதுகுக்கும் மட்டும் இருந்த வேலை காலுக்கும் போனது. உடம்பில் பலமான தசை தொடையில்தானே! ஆள் அதே ஆள். இயந்திர அமைப்பு மாறியதும் கிடைக்கும் சக்தி மாறிவிட்டது. அந்த வருஷம் ஜெயித்தது கேம்பிரிட்ஜ்.

ஆக, பட்டியலில் 'ஆக்ஸ்போர்டு' 'கேம்பிரிட்ஜ்' என்று அச்சாகியிருக்கிறதே தவிர, படகைச் செதுக்கியவன் பெயர் அதில் கிடையாது. நம்ம கார்பென்ட்ரி செக்‌ஷனிலும் ஃபிட்டிங் ஷாப்பிலும் நிற்கிற எவனுக்கும் இது புதிசல்ல.

தீர்ப்புச் சொன்ன படகோட்டி

பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன. 1877, சமநிலை. கடைசிக் கட்டத்தில் ஆக்ஸ்போர்டு முன்னணியில் இருந்தபோது அவர்களில் ஒருவருடைய துடுப்பு சேதமானது. கேம்பிரிட்ஜ் எட்டிப் பிடித்தது. முடிவைச் சொல்ல வேண்டியவர் ஜான் ஃபெல்ப்ஸ் என்ற தேம்ஸ் படகோட்டி. இரண்டும் ஒன்றாக வந்தன என்றார் அவர். நாங்கள்தான் சில அடி முன்னால் வந்தோம் என்றது ஆக்ஸ்போர்டு தரப்பு. அதன்பின் கிளம்பியது ஒரு கதை: அந்த ஆள் புதரடியில் தூங்கிக்கொண்டிருந்தாராம்! படித்தவர்கள் இருவர் சண்டையில், உழைப்பாளி சொன்ன சாட்சி எவ்வளவு சுலபமாகக் கேலியாகிவிடுகிறது பாருங்கள். ஆனால் தீர்ப்பு நின்றது. இன்றும் அந்த 1 அப்படியே இருக்கிறது.

பெரிய பெயர்கள் போனபோது

1987-ல் ஆக்ஸ்போர்டு அணியில் சர்வதேச அனுபவம் உள்ள அமெரிக்கர்கள் சிலர் இருந்தார்கள். யாரைப் படகில் ஏற்றுவது என்பதில் தகராறு முற்றி அவர்கள் விலகிவிட்டார்கள். மீதிப் பேரையும் ரிசர்வ் ஆட்களையும் வைத்துப் படகை நிரப்பினார்கள். கேம்பிரிட்ஜுக்குத்தான் வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்கு படகு நீளத்தில் ஆக்ஸ்போர்டு ஜெயித்தது! 'ரெண்டாம் தரம்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் போட்ட துடுப்பு அது.

'டிப்ளமோ தானே?'

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான விஷயம். 2025 பந்தயத்துக்கு முன்னால் யாரைத் தகுதியுள்ள மாணவர் என்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்தபின் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் படகில் உட்காரக் கூடாது என்று முடிவாயிற்று. சொன்ன காரணம் என்ன தெரியுமா? அவர்கள் படிப்பது டிகிரி இல்லை, டிப்ளமோ மாதிரியான படிப்புதான் என்பது!

நண்பர்களே, இந்த வார்த்தையை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்? இன்டர்வியூ வாசலில், சொந்தக்காரர் கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் வாயில்! "டிப்ளமோ தானே?" என்ற அந்த 'தானே' தேம்ஸ் வரைக்கும் போயிருக்கிறது. விதி என்றால் இரு தரப்பும் கட்டுப்படத்தான் வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவர் மாணவரே அல்ல என்றால், சுரங்கத்திலிருந்து வந்து படகு செய்த கிளாஸ்பரை என்னவென்று சொல்வது? அந்த வருஷம் கேம்பிரிட்ஜ் ஆண்கள், பெண்கள் இரு பந்தயங்களிலும் ஜெயித்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கடைசியாக ஒரு வழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். இந்தப் பந்தயத்தில் அடுத்த ஆண்டுக்குச் சவால் விடுவது ஜெயித்தவன் அல்ல, தோற்றவன். பதின்மூன்று வருஷம் வரிசையாகத் தோற்றபோதும் ஆக்ஸ்போர்டு சவால் விட்டுக்கொண்டேதான் இருந்தது. 1937-ல் ஜெயித்தது.

அரியர் வைத்திருக்கிற தம்பிகளும், கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராத தோழர்களும் அந்த 1937-ஐ நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பெயர் பட்டியலில் வராமல் போகலாம். ஆனால் நாம் செய்கிற படகு ஓடட்டும்!